தெருவும் ஸ்டேஷனும்: வாசகர் கேள்வி பதில்

போன இதழில் "உங்கள் தெருவின் பாதுகாப்பு பற்றி என்ன சந்தேகம் இருந்தாலும் எழுதுங்கள்" என்று நாலு வரி போட்டோம். வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் பல்லாவரம், குரோம்பேட்டை, தாம்பரம் பக்கத்திலிருந்து. நான் வக்கீலும் இல்லை, போலீஸும் இல்லை. குற்றச் செய்தி நிருபராக ஸ்டேஷன் வாசலில் பாராக்காரரோடு பேசிக்கொண்டே பாதி வயதைக் கழித்தவன். தெரிந்ததைச் சொல்கிறேன்.

எங்கள் தெருவில் ஆறு மாதத்தில் மூன்று பைக் போய்விட்டது. நாங்கள் குடிவந்த புதிதில் ராத்திரி ஒரு போலீஸ்காரர் வந்து மூலை வீட்டில் தொங்கும் நோட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போவார். இப்போது நோட்டும் இல்லை, அவரும் இல்லை. ரோந்தையே நிறுத்திவிட்டார்களா?
(வாசகர், பல்லாவரம்)

நீங்கள் சொல்வது பட்டா புக். பேங்க், நகைக்கடை, கோயில், முட்டுச்சந்தில் இருக்கும் வீடு என்று பார்த்துப் பார்த்து மாட்டியிருப்பார்கள். ரவுண்ட்ஸ் வருகிறவர் நேரம் போட்டுக் கையெழுத்திட வேண்டும், காலையில் அதிகாரி எடுத்துப் பார்த்தால் யார் வந்தார், யார் படுத்துத் தூங்கினார் என்று தெரிந்துவிடும். (நாலு நாள் கையெழுத்தை ஒரே ராத்திரியில் போட்ட கதைகளும் உண்டு, அது வேறு.) இப்போது பல இடங்களில் அந்த நோட்டுக்குப் பதிலாக சுவரில் ஒரு கியூஆர் ஸ்டிக்கரை ஒட்டிவிட்டு, காவலர் செல்போனில் ஸ்கேன் செய்கிற முறை வந்துவிட்டது. அதனால் முதலில் உங்கள் தெருவில் ஏடிஎம், கோயில் சுவர், அபார்ட்மென்ட் கேட் பக்கம் அப்படி ஏதாவது ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் ஆள் வருகிறார், நீங்கள்தான் தூங்கிக்கொண்டிருக்கிறீர்கள்.

ஆனால் உங்கள் வருத்தம் எனக்குப் புரிகிறது. ஸ்டிக்கரால் அவர் வந்தார் என்பது அதிகாரிக்குத் தெரியும், தெருவுக்குத் தெரியாது. நோட்டு இருந்த காலத்தில் மூலை வீட்டுத் தாத்தா தூக்கம் வராமல் திண்ணையில் உட்கார்ந்திருப்பார், ஏட்டு வந்தால் இரண்டு வார்த்தை பேசுவார், "மேல் மாடிக்குப் புதுசா ரெண்டு பசங்க வந்திருக்காங்க, பகல் முழுக்க தூக்கம், ராத்திரி எங்கயோ போறாங்க" என்பது அந்த இரண்டு வார்த்தையில் போய்ச் சேர்ந்துவிடும்.

இதையே ஒரு திட்டமாகச் செய்து பார்த்த ஊர் திருச்சி. 1999ல் அங்கே மாநகரக் காவல் ஆணையராக இருந்தவர் ஜே.கே.திரிபாதி. கோவை குண்டுவெடிப்பு நடந்து அதிக நாளாகாத நேரம், ஊருக்கு ஊர் ஒருவரை ஒருவர் சந்தேகமாகப் பார்த்த காலம் அது. அவர் நகரத்தைச் சின்னச் சின்ன பீட்டுகளாக, அதாவது ஒரு காவலர் சுற்றிவருகிற பகுதிகளாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் குறிப்பிட்ட காவலர்களையே நிலையாகப் போட்டார், அங்கங்கே புகார்ப் பெட்டி வைத்தார், குடிசைப் பகுதிகளைப் போலீஸ் தத்தெடுக்கிற மாதிரியும் ஒன்று செய்தார். அதில் முக்கியம் அந்த 'நிலையாக' என்பதுதான். இன்றைக்கு ஒருவர், நாளைக்கு வேறொருவர் என்று வந்தால் எந்த வீட்டுக்காரரும் வாயைத் திறக்க மாட்டார். 2008ல் கேரளா 'ஜனமைத்ரி' என்று தொடங்கியதும் இதே வழிதான், பீட் காவலர் வீடு வீடாகப் போய் அறிமுகம் செய்துகொள்ள வேண்டும்.

சரி, நீங்கள் என்ன செய்யலாம்? பத்து வீட்டுக்காரர்கள் கையெழுத்துப் போட்டு இன்ஸ்பெக்டரை நேரில் பாருங்கள். "ரோந்து வேண்டும்" என்று பொதுவாகக் கேட்டால் "வந்துட்டுத்தானே சார் இருக்காங்க" என்றுதான் பதில் வரும். எங்கள் தெருவின் பீட் காவலர் யார், அவர் நம்பர் என்ன, எங்கள் தெருவில் ரோந்துப் பாயின்ட் எங்கே இருக்கிறது, இல்லையென்றால் முட்டுச்சந்து பக்கம் ஒன்று வைக்க முடியுமா என்று கேளுங்கள். இப்படிக் கேட்டால் யாராவது ஒருவர் பதில் சொல்லியே ஆக வேண்டும். போவதற்கு முன்னால் எந்த ஸ்டேஷன் என்பதையும் உறுதி செய்துகொள்ளுங்கள். 2022 ஜனவரி 1ல் சென்னை காவல் ஆணையரகத்தைப் பிரித்து ஆவடி, தாம்பரம் என்று தனி ஆணையரகங்கள் வந்துவிட்டன. உங்கள் ஊர் தாம்பரத்தில் சேரும், பெரிய அதிகாரிக்கு மனு எழுதும்போது பழைய ஞாபகத்தில் வேப்பேரியில் இருக்கும் சென்னை ஆணையர் அலுவலகத்துக்கு அனுப்பாதீர்கள்.

பால் வாங்கப் போன அம்மாவின் செயினை அறுத்துக்கொண்டு போய்விட்டார்கள். ஸ்டேஷனில் ஒரு ரசீது கொடுத்து "கிடைச்சா கூப்பிடறோம்மா" என்றார்கள். ஒரு மாதமாகிறது. இதுதான் எஃப்.ஐ.ஆரா?
(வாசகி, குரோம்பேட்டை)

இல்லை. உங்கள் கையில் இருப்பது சி.எஸ்.ஆர்., கம்யூனிட்டி சர்வீஸ் ரெஜிஸ்டர் என்பதன் சுருக்கம். மனு கொடுத்தீர்கள், வாங்கிக்கொண்டோம் என்பதற்கான ரசீது, அவ்வளவுதான். பக்கத்து வீட்டு மரக்கிளைத் தகராறுக்கு அது போதும். செயின் பறிப்புக்குப் போதாது. புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவில் பறிப்பு என்பதே 304 என்று தனிப் பிரிவாக வந்துவிட்டது. போலீஸ் நேரடியாக வழக்குப் போட வேண்டிய குற்றம் இது. இப்படிப்பட்ட குற்றம் நடந்ததாகத் தகவல் வந்தால் எஃப்.ஐ.ஆர். போடுவது கட்டாயம் என்று 2013ல் லலிதா குமாரி வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் கொண்ட அமர்வு தெளிவாகவே சொல்லிவிட்டது.

ஏன் போடத் தயங்குகிறார்கள் என்று கேட்டால், எஃப்.ஐ.ஆர். போட்டால் அது கணக்கில் ஏறும். மாதாந்திரக் கூட்டத்தில் "உங்க லிமிட்ல இத்தனை செயின் பறிப்பா?" என்று மேலதிகாரி கேட்பார். ரசீதோடு நிறுத்தினால் பேப்பரில் ஏரியா அமைதியாக இருக்கும். எனக்குத் தெரிந்த ஒரு குடும்பத்தில் ஐந்து பவுன் போனதற்கு மூன்று பவுன் என்று எழுதித் தரச் சொன்னார்கள். அவர்களும் கேஸ் போட்டால் போதும் என்று எழுதிக் கொடுத்துவிட்டு, நகை கிடைத்த அன்று மீதி இரண்டு பவுனுக்குக் கோர்ட்டில் விழித்தார்கள். அதனால் பில் இருந்தால் பில், இல்லையென்றால் அம்மா அந்தச் செயின் போட்டிருக்கும் கல்யாண போட்டோ, இரண்டையும் மனுவோடு இணையுங்கள். குறைத்தும் எழுதாதீர்கள், கூட்டியும் எழுதாதீர்கள்.

2024 ஜூலை 1 முதல் குற்ற விசாரணை நடைமுறைச் சட்டமும் மாறிவிட்டது, இப்போது அதன் பெயர் பாரதிய நாகரிக சுரக்ஷா சன்ஹிதா. வாய்க்குள் நுழையாது, பரவாயில்லை, 173வது பிரிவை மட்டும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். சம்பவம் எங்கள் எல்லையில் நடக்கவில்லை என்று சொல்லித் திருப்பி அனுப்ப முடியாது, எந்த ஸ்டேஷனிலும் புகாரைப் பதிவு செய்யலாம், பிறகு அவர்களே உரிய இடத்துக்கு மாற்ற வேண்டும். மின்னணு முறையில் புகார் அனுப்பினால் 3 நாளுக்குள் நேரில் போய்க் கையெழுத்துப் போட வேண்டும். எஃப்.ஐ.ஆர். நகல் உங்களுக்கு இலவசம். 3 ஆண்டிலிருந்து 7 ஆண்டுக்குள் தண்டனை உள்ள குற்றங்களில், டி.எஸ்.பி. அந்தஸ்து அதிகாரியின் அனுமதியோடு 14 நாள் முதற்கட்ட விசாரணை நடத்திப் பார்க்கலாம் என்று ஒரு வழி வைத்திருக்கிறார்கள். உங்களுக்கு ஒரு மாதம் ஓடிவிட்டது, அந்தச் சாக்கும் தீர்ந்துபோச்சு.

நாளைக்கே அந்த ரசீதை எடுத்துக்கொண்டு போய் எஃப்.ஐ.ஆர். நம்பர் கேளுங்கள். மறுத்தால் அதே புகாரை ரசீது நகலோடு துணை ஆணையருக்குப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள், இதுவும் அதே 173வது பிரிவில் உங்களுக்குள்ள உரிமை. அதற்கும் அசையாவிட்டால் மாஜிஸ்திரேட் கோர்ட். பெரும்பாலும் அந்தப் பதிவுத் தபாலிலேயே வேலை நடந்துவிடும் என்பது என் அனுபவம்.

பத்து நாள் திருநெல்வேலி போகிறோம். வீடு பூட்டியிருக்கும். ஸ்டேஷனில் சொல்லிவிட்டுப் போவதால் ஏதாவது பிரயோஜனம் உண்டா?
(வாசகி, செம்பாக்கம்)

உண்டு. முகவரி, ஊரில் இல்லாத தேதிகள், உங்கள் செல் நம்பர், சாவி யாரிடம் இருக்கிறது என்று எழுதிக் கொடுங்கள், ராத்திரி ரவுண்ட்ஸில் பார்க்கச் சொல்வார்கள். ஆனால் திருடன் பார்ப்பது வேறு. வாசலில் கோலம் இல்லை, பேப்பர் நாலு நாளாகச் சுருட்டியபடி கிடக்கிறது, வெளி விளக்கு பகலிலும் எரிகிறது, கேட்டுக்கு வெளியே பெரிய பூட்டு. இத்தனையும் அவனுக்கு எழுதிப் போட்ட போர்டு மாதிரி. எதிர்வீட்டு அக்காவிடம் சொல்லி ஒரு புள்ளிக் கோலம் போடச் சொல்லுங்கள். குற்றால அருவி போட்டோவை ஊருக்குத் திரும்பி வந்தபிறகு ஸ்டேட்டஸில் போட்டுக்கொள்ளலாம், அருவி எங்கேயும் போய்விடாது.

கஞ்சா அடிக்கிற கூட்டம் மைதானத்தில் கூடுகிறது. 100க்கு போன் செய்தால் "யார் பேசறது, பேர் என்ன" என்று கேட்கிறார்கள். அரை மணி நேரத்தில் அந்தப் பையன்களுக்கே என் பெயர் தெரிந்துவிட்டால்?
(பெயர் வேண்டாம் என்று எழுதிய வாசகர்)

பயம் நியாயமானதுதான், அப்படி நடந்ததையும் நான் பார்த்திருக்கிறேன். ரோந்து வண்டியில் வந்தவர் கூட்டத்தின் நடுவில் நின்றுகொண்டே புகார் கொடுத்தவருக்கு போன் போட்டு "சார் எங்க இருக்கீங்க, வெளிய வாங்க" என்றார்! அதனால் போன் செய்யும்போதே "வீட்டுக்கு வர வேண்டாம், என் நம்பருக்கும் கூப்பிட வேண்டாம், இடம் மட்டும் பாருங்கள்" என்று சொல்லிவிடுங்கள். போதைப்பொருள், கள்ளச்சாராயத் தகவல்களுக்கு 10581 என்று மதுவிலக்குப் பிரிவின் கட்டணமில்லா எண் இருக்கிறது, உள்ளூர் ஸ்டேஷன் வழியாகப் போக விருப்பமில்லாதவர்கள் அதில் சொல்லலாம்.

இன்னொன்று, அந்த மைதானத்தில் விளக்கு எரிகிறதா? பெரும்பாலும் எரியாது. போலீஸ் ஒரு நாள் வந்து நாலு பேரைக் கூட்டிக்கொண்டு போய், குடித்துவிட்டுக் கலாட்டா என்று ஒரு சின்ன கேஸ் போட்டு அனுப்பிவிட்டால் மறுநாள் அதே கூட்டம் அதே இடத்தில்தான். விளக்கைப் போட வைத்து, சாயங்காலம் அங்கே ஷட்டில் ஆடவோ வாக்கிங் போகவோ பத்து பேர் வர ஆரம்பித்தால் அவர்களாகவே இடத்தை மாற்றிக்கொள்வார்கள். இதற்கு மாநகராட்சிக்கு ஒரு மனு, கவுன்சிலருக்கு நாலு போன்.

என் மகன் காலேஜ் இரண்டாம் ஆண்டு. போலீசோடு சேர்ந்து சேவை செய்ய வேண்டும் என்கிறான். 'பிரெண்ட்ஸ் ஆஃப் போலீஸ்' இன்னும் இருக்கிறதா? சேர்த்துவிடலாமா?
(வாசகர், சேலையூர்)

இந்தக் கேள்விக்குக் கொஞ்சம் கதை சொல்ல வேண்டியிருக்கிறது. 1993ல் ராமநாதபுரம் எஸ்.பி.யாக இருந்த பிரதீப் வி. பிலிப் தொடங்கியது அது. 1991ல் ஸ்ரீபெரும்புதூர் குண்டுவெடிப்பில் படுகாயமடைந்து பிழைத்த அதிகாரி அவர். பொதுமக்களில் நல்லவர்களைப் போலீசோடு பழக விட்டால் போலீஸும் மாறும், மக்களுக்கும் பயம் போகும் என்பது யோசனை. கெட்ட யோசனை என்று யாரும் சொல்ல முடியாது. மாநிலம் முழுக்கப் பரவியது.

ஆனால் வருஷங்கள் போகப் போக சில ஊர்களில் அது வேறு ஒன்றாக மாறிவிட்டது. டீ ஷர்ட், கையில் ஒரு லத்தி, வண்டியை மறிப்பது, ஏட்டுக்கு டீ வாங்கி வருவது, அப்புறம் ஏட்டு சொன்னால் அடிப்பது. 2020 ஜூனில் சாத்தான்குளத்தில் ஜெயராஜ், பென்னிக்ஸ் என்ற தந்தையும் மகனும் போலீஸ் காவலில் சித்திரவதைக்கு ஆளாகி அடுத்தடுத்து இறந்தார்களே, அப்போது இந்தத் தன்னார்வலர்கள் பெயரும் அடிபட்டது. அமைப்பின் தரப்பில் மறுத்தார்கள். ஆனாலும் 2020 ஜூலையில் தமிழக அரசு அதற்குத் தடை போட்டுவிட்டது. என்னைக் கேட்டால் தடை சரி. சட்டப்படி எந்தப் பொறுப்பும் இல்லாத ஒருவன் ஸ்டேஷனுக்குள் நின்றால், நாளைக்குத் தப்பு நடக்கும்போது யார் கையைப் பிடிப்பது?

உங்கள் மகனுக்கு வேறு வழி உண்டு. ஊர்க்காவல் படை. 1963ம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் நடப்பது, பயிற்சி உண்டு, சீருடை உண்டு, கேள்வி கேட்க மேலதிகாரி உண்டு. திருவிழாக் கூட்டம், போக்குவரத்து, வெள்ள நிவாரணம் என்று உண்மையான வேலை இருக்கும். இது நிரந்தர வேலை கிடையாது, கூலியும் பெரிதாக இருக்காது என்பதை முன்கூட்டியே அவனிடம் சொல்லிவிடுங்கள்.

எங்கள் நகர் வாட்ஸ்அப் குரூப்பில் தினமும் "போர்வை விற்கிற வடமாநிலத்தான் நோட்டம் பார்க்கிறான்" என்று போட்டோவோடு போடுகிறார்கள். நான் அட்மின். அனுமதிக்கலாமா?
(வாசகி, மாடம்பாக்கம்)

அனுமதிக்காதீர்கள் அம்மா. 2018 மே மாதம் ஞாபகம் இருக்கிறதா? குழந்தை கடத்துகிற கும்பல் வந்திருக்கிறது என்று ஊரெல்லாம் வாட்ஸ்அப் வதந்தி. குலதெய்வக் கோயிலுக்குத் திருவண்ணாமலை மாவட்டம் போளூர் பக்கம் காரில் போன சென்னைக் குடும்பம் ஒன்று வழி கேட்க நிறுத்தியது, 65 வயது அம்மா அங்கே இருந்த குழந்தைகளுக்குச் சாக்லெட் கொடுத்தார். அதற்கு ஊரே திரண்டு அடித்ததில் அந்த அம்மா செத்துப்போனார். அதே வாரம் பழவேற்காட்டில் ஒருவரை அடித்துக் கொன்று பாலத்தில் தொங்கவிட்டார்கள். எந்தக் குழந்தையும் கடத்தப்படவில்லை.

அந்தக் குரூப்களிலும் உங்களை மாதிரி ஒரு அட்மின் இருந்திருப்பார்.

ஆளைப் பார்த்து, மொழியைப் பார்த்துத் திருடன் என்று முடிவு கட்டுவது நம்மிடம் பழைய வியாதி. பிரிட்டிஷ்காரன் ஒரு சட்டமே போட்டு சில சாதிகளைப் பிறவிக் குற்றவாளி என்று எழுதி வைத்தான், அந்தப் பட்டியலிலிருந்து விடுபட 1952 ஆயிற்று. இன்றைக்கும் ஊரில் திருட்டு நடந்தால் முதலில் இருளர் குடிசைக்குப் போகிற ஜீப்புகள் இருக்கின்றன. குரூப்பில் ஒரு விதி போடுங்கள்: யாருடைய முகமும் கூடாது. சந்தேகம் இருந்தால் என்ன நடந்தது, எத்தனை மணி, எந்த வீட்டு வாசல், வண்டி நம்பர், இதை மட்டும் 100 அல்லது 112க்குச் சொல்லிவிட்டு, சொன்னதாகக் குரூப்பில் ஒரு வரி போடட்டும்.

அக்கம்பக்கத் தகராறு ஒன்றில், சாட்சி சொல்ல வர வேண்டும் என்று ராத்திரி எட்டு மணிக்கு என்னை ஸ்டேஷனுக்குக் கூப்பிட்டார்கள். போக வேண்டுமா?
(வாசகி, பம்மல்)

வேண்டாம். பெண்கள், 15 வயதுக்குக் கீழ் உள்ள பையன்கள், 60 வயதைத் தாண்டியவர்கள், மாற்றுத் திறனாளிகள், கடுமையான நோயில் இருப்பவர்கள், இவர்களைச் சாட்சி விசாரணைக்கு ஸ்டேஷனுக்கு வரச் சொல்லிக் கட்டாயப்படுத்த முடியாது, வீட்டுக்கு வந்துதான் விசாரிக்க வேண்டும். முன்னால் சொன்ன அதே புதிய நடைமுறைச் சட்டத்தின் 179வது பிரிவு. அழைப்பும் எழுத்தில் இருக்க வேண்டும், போன் போதாது. மரியாதையாகச் சொல்லுங்கள்: "நாளைக்குக் காலையில் வீட்டுக்கு வாங்க சார், இருக்கேன்."

தெருவில் எட்டு கேமரா போட்டோம், 90 ஆயிரம் செலவு. திருட்டு நடந்த அன்று பார்த்தால் எதிலும் ஒன்றும் இல்லை.
(குடியிருப்போர் சங்கச் செயலாளர், அஸ்தினாபுரம்)

இந்த மாதிரிக் கடிதம் மட்டும் ஏழு. சென்னையில் ஏ.கே.விஸ்வநாதன் ஆணையராக இருந்தபோது 'மூன்றாவது கண்' என்று தெருத்தெருவாக கேமரா போட வைத்தார்கள், அதிலிருந்து எல்லா நகரிலும் கேமரா வந்துவிட்டது. போடுவதோடு சரி, அப்புறம் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. ஒன்றில் சிலந்தி வலை, ஒன்றில் வேப்பங்கிளை, இன்னொன்று காற்றில் திரும்பி வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும். ஹார்ட் டிஸ்க் நிறைந்தால் பழையதன் மேலேயே பதியும், நீங்கள் நாலு வாரம் கழித்துத் தேடினால் இருக்காது. கடிகாரத்தைப் பார்த்தீர்களா? ஒரு அபார்ட்மென்டில் கேமரா பதிவாகும் பெட்டியின் நேரம் 47 நிமிஷம் முந்தி ஓடியது, அதனால் போலீஸ் ஒரு மணி நேரம் தப்பான ஆளைத் தேடிக்கொண்டிருந்தது. மாதம் ஒரு நாள், சங்கச் சந்தா வசூலிக்கிற அன்றே, யாராவது ஒருவர் எட்டுப் படத்தையும் போட்டுப் பார்க்கட்டும். ஒரு கேமராவாவது நெஞ்சு உயரத்தில், வண்டி நம்பர் தெரிகிற மாதிரி இருக்கட்டும், உயரத்தில் வைத்தால் எல்லார் உச்சந்தலையும்தான் கிடைக்கும். அடுத்த வீட்டு பெட்ரூம் ஜன்னல் படத்தில் வராமலும் பாருங்கள், அது தனிச் சண்டை.

என் கணவர் காவலர். எல்லோரும் "ரவுண்ட்ஸ் வருவதில்லை" என்று எழுதுகிறீர்கள். 2021ல் வார விடுமுறை என்று உத்தரவு வந்ததும் நாங்கள் பாயசம் வைத்தோம். மீட்டிங், தேர், மந்திரி வருகை, பந்தோபஸ்து என்று அந்த லீவும் பாதி வாரம் கிடைப்பதில்லை. அவருடைய பீட்டைப் பார்க்க அவருக்கு ஆசை இல்லையா? இதையும் போடுவீர்களா?
(வாசகி, ஊர் வேண்டாம்)

போட்டுவிட்டேன் அம்மா, ஒரு எழுத்துக்கூட மாற்றவில்லை. பல்லாவரம் வாசகருக்கு நான் சொன்ன பதிலில் இது விடுபட்டுப்போனது. பீட் காவலர் யார் என்று கேட்கப் போகும்போது, மாதத்தில் எத்தனை நாள் அவரை பந்தோபஸ்துக்கு இழுக்கிறீர்கள் என்பதையும் இன்ஸ்பெக்டரிடம் கேட்டு வாருங்கள் சார். பதில் கிடைத்தால் எனக்கும் ஒரு வரி எழுதுங்கள்.